சந்தனம் வைத்த காகிதம்

1

என் கையெழுத்துக்குப் பொட்டு வைத்திருந்தார்கள்.

கண்டிக்குப் பக்கத்தில், குண்டசாலையில் தம்பி ரவி புது வீடு கட்டியிருந்தான். பால் காய்ச்ச வரச்சொல்லி வருந்தி அழைத்ததால் ஹூஸ்டனிலிருந்து வந்திருந்தேன். கீழே ஐயர் ஹோமப் புகையை மூட்டிக்கொண்டிருக்கும்போதே, "அக்கா, மொதல்ல மேல வாங்க. ஆபிசைப் பாருங்க" என்று என்னை மாடிக்கு இழுத்துக்கொண்டு போனான். ஆறு மேசை, ஆறு கம்ப்யூட்டர், ஆறு கதிரை. சுவரில் லட்சுமி படம். அதற்குப் பக்கத்தில் லேமினேட் செய்த ஒரு தாள். நான்கு மூலையிலும் சந்தனம், நடுவில் குங்குமம்.

கிட்டப் போய்ப் பார்த்தால், அது போன நவம்பரில் நான் என் சமையலறையில் உட்கார்ந்து எழுதி, ஃபோனில் படம் பிடித்து அனுப்பிய தாள்.

"நம்ம தொழிலுக்கு இதுதானேக்கா வேதம்" என்றான் ரவி.

நானும் சிரித்தேன். தாளின் முதல் வரி இதுதான்: "வருமானம் குறையக் குறைய மானியம் கூடும். கஸ்டமர் பெருமைக்குக் கூட்டிச் சொன்னால் விடாதீர்கள், மறுபடியும் கேளுங்கள்."

2

ஊரில் இருக்கிற உங்களுக்கு என் தொழிலைச் சொல்லவேண்டும். கேட்டவர்களிடமெல்லாம் "இன்சூரன்ஸ்" என்று சொல்லி மழுப்பித்தான் இத்தனை வருடம் ஓட்டியிருக்கிறேன்.

அமெரிக்காவில் வேலை கொடுக்கிறவன் மருத்துவக் காப்புறுதி கொடுத்தால் உண்டு. கொடுக்காதவர்களுக்காக அரசாங்கம் ஒரு சந்தையை நடத்துகிறது. அதில் கம்பெனிகள் மருத்துவக் காப்புறுதியை விற்கும். முழு விலைக்கு வாங்கச் சாதாரண ஆளால் முடியாது. அதனால் அரசாங்கம் அவரவர் வருமானத்தைப் பார்த்து மானியம் கொடுக்கிறது. அந்த மானியம் சனங்களின் கையில் படுவதே இல்லை, நேரே கம்பெனிக்குப் போகிறது. படிவத்தை நிரப்பிக்கொடுத்து, எது நல்லது என்று சொல்லி, சேர்த்துவிடுகிற முகவர் நான். சேர்த்த தலை ஒவ்வொன்றுக்கும் மாதாமாதம் கம்பெனி எனக்குக் கமிஷன் தரும்.

என் மகன் அரவிந்த் தமிழை அரையும் குறையுமாகத்தான் பேசுவான். ஆனால் இதை மட்டும் தெளிவாகச் சொன்னான்: "அம்மா, அப்போ நீங்க கவர்மெண்ட் காச கம்பெனிக்கு டெலிவரி பண்றீங்க. டிப்ஸ் வாங்குறீங்க. அவ்ளோதானே?" அன்று அவனோடு சண்டை பிடித்தேன். மூன்று நாள் பேசவில்லை. அவன் சாப்பாட்டுத் தட்டோடு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வதில் கெட்டிக்காரன், அவனுக்கு அது தண்டனையாகவே தெரிந்திருக்காது.

தொற்றுநோய்க் காலத்தில் மானியத்தைக் கூட்டினார்கள். பாதிப்பேருக்குக் கையிலிருந்து கட்டவேண்டிய தொகை பூச்சியம். நோயாளிகள் பிழைத்தார்கள் என்பது உண்மை. கூடவே நாங்களும் ஈசல் மாதிரி புறப்பட்டோம். மரக்கறிக் கடை வாசலில் மேசை போட்டு, பலூன் கட்டி, "இலவசம், இலவசம்" என்று கூவி ஆள் பிடித்தோம். ஒருவர் சேர்த்த ஆளை இன்னொருவர் அந்த ஆளுக்கே தெரியாமல் தன் பெயருக்கு மாற்றிக்கொண்ட கூத்தெல்லாம் என் கண்முன்னே நடந்தது. நான் அதைச் செய்ததில்லை. செய்ததில்லை என்று சொல்லிச் சொல்லியே என்னைச் சுத்தமானவள் என்று நம்பிக்கொண்டேன்.

நான் செய்தது வேறு. ஆள் கூடிவிட்டது, தனியாகச் சமாளிக்க முடியவில்லை. தமிழ் பேசுகிற கஸ்டமர்களைக் கூப்பிட்டு விவரம் எழுதுகிற வேலையைக் குண்டசாலைக்கு அனுப்பினேன். எனக்கு மட்டும் என்று அரசாங்கம் தந்த கடவுச்சொல்லை ரவிக்குக் கொடுத்தேன். நாட்டுக்கு வெளியே இருந்து அந்தச் சந்தையின் இணையப் பக்கத்தைத் திறக்கவே கூடாது. அது எனக்கு நன்றாகத் தெரியும். வருடாவருடம் அதற்கு ஒரு பரீட்சை எழுதி, சித்தியடைந்த சான்றிதழையும் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறேன்.

பிறகு கூட்டிய மானியத்தை நிறுத்தினார்கள். போன நவம்பரில் புதுப்பிக்கிற காலம் வந்தபோது ஃபோனை எடுக்கவே பயமாக இருந்தது. நேற்றுவரை "உங்களால்தான் மருந்து எடுக்கிறேன்" என்று கும்பிட்டவர்கள், விலை ஏறியதும் நான் ஏற்றியது போல ஏசினார்கள். பலர் வேண்டாம் என்று விட்டுவிட்டுப் போனார்கள். போகிற ஒவ்வொருவரோடும் என் கமிஷனும் போனது. அந்தப் பதற்றத்தில் ஒரே மூச்சில் எழுதியதுதான் அந்தத் தாள். அரசாங்கத்தைத் திட்டிக்கொண்டே எழுதினேன். திட்டியது நோயாளிகளுக்காக என்று அப்போது நினைத்தேன்.

3

அந்த முதல் வரி எனக்கு எங்கிருந்து வந்தது என்று யோசித்தேன். பிலிமத்தலாவையிலிருந்துதான் வந்தது.

சின்ன வயதில் நாங்கள் அங்கே கடைத்தெருவுக்குப் பின்னால் இரண்டு அறை வீட்டில் இருந்தோம். அப்பா ஒரு துணிக்கடையில் கணக்கப்பிள்ளை. ஏழைகளுக்கு அரசாங்கம் தரும் நிவாரணத்துக்குப் பெயர் பதிய ஆள் வருகிறார் என்ற செய்தி தெரு முனையில் கிடைத்ததும் எங்கள் வீட்டுத் தையல் மெஷின் பின்வாசலால் பக்கத்து வீட்டுக்குப் போய்விடும். தலைப்பக்கம் அம்மா, கால்பக்கம் நான். பக்கத்து வீட்டு ரேடியோ எங்கள் மாமா வீட்டுக்குப் போகும். மாமா வீட்டுக் கோழிகள் எங்கே போகும் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. பதிகிறவருக்கும் எல்லாம் தெரியும். தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, மெஷின் கால் அழுத்திய தடத்துக்கு மேலேயே கதிரையைப் போட்டு உட்கார்ந்து, "தொழில் ஒன்றும் இல்லை" என்று எழுதிக்கொண்டு போவார்.

இதை நாங்கள் பொய் என்று நினைத்ததே இல்லை. அரசாங்கத்திடம் வருமானம் சொல்வதென்றால் குறைத்துச் சொல்வது. அது ஒரு பழக்கம், கோவிலுக்குள் போகும்போது செருப்பைக் கழற்றுவது மாதிரி. குலுக்கலில் கொடுக்கிற லொத்தர் விசா விழுந்து இருபத்திரண்டு வருடத்துக்கு முன் நான் விமானம் ஏறியபோது அந்தப் பழக்கத்தையும் சேர்த்துத்தான் கொண்டுபோயிருக்கிறேன்.

4

பால் காய்ச்சிய மூன்றாம் நாள் காலை ஆறு மணிக்கு ஃபோன் வந்தது. அங்கே முந்தின நாள் மாலை. சபியா தாத்தா.

எங்கள் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் தாத்தா என்றால் அக்கா. அக்குறணையில் பிறந்தவர், அறுபது தாண்டியவர். புருஷன் மௌத்தான பிறகு ஹூஸ்டனில் தனியாக இருக்கிறார். நம் ஊர் ஆட்களின் விசேஷங்களுக்கு ரோல்ஸும் வட்டிலப்பமும் செய்து விற்றுப் பிழைக்கிறார். இரண்டு வருடமாக மார்பில் புற்றுநோய். மூன்று வாரத்துக்கு ஒரு ஊசி. முதல்முதலாக அவரைக் காப்புறுதியில் சேர்த்தவள் நான்தான். கமிஷனைத் தாண்டி நான் பெருமைப்பட்ட ஒரே கஸ்டமர் அவர் என்று சொன்னால் மிகையில்லை.

"தங்கச்சி, ஆஸ்பத்திரில கார்ட் செல்லாதாம். இன்சூரன்ஸ் வெட்டுப்பட்டிட்டாம். ஊசி போடாமத் திருப்பி அனுப்பிட்டாங்க. நான் ஒண்டும் பிழ செய்யல்லியே?"

"இல்ல தாத்தா. நீங்க ஒன்னும் செய்யல. நான் பாக்கிறேன்."

"அண்டைக்கு ஒங்கட புள்ள ஒண்டு பேசினா. நம்மட ஊர்த் தமிழ். கேக்கவே ஆசயா ஈந்திச்சு. எல்லாம் செல்லிக் குடுத்தேனே?"

ரவியின் மாடிக்கு ஓடினேன். தாத்தாவின் பக்கத்தைத் திறந்தேன். வருமானம் என்ற இடத்தில் அவர் உண்மையில் உழைப்பதில் பாதி போட்டிருந்தது.

இங்கேதான் ஊரில் உள்ளவர்களுக்குப் புரியாத ஒரு அசிங்கம் இருக்கிறது. டெக்ஸஸில் ஒரு கோடு உண்டு. வருமானம் அந்தக் கோட்டுக்கு மேலே இருந்தால்தான் மானியம். கீழே இருந்தால் ஒரு சதம் கிடையாது. பரம ஏழைகளை மாநிலம் தன் சொந்தத் திட்டத்தில் பார்த்துக்கொள்ளும் என்று நினைத்துச் சட்டம் எழுதினார்கள். எங்கள் மாநிலம் அந்தத் திட்டத்தை விரிவாக்க மறுத்துவிட்டது. அதனால் கொஞ்சம் ஏழைக்குக் கை கொடுப்பார்கள், அதிலும் ஏழையைக் கைவிடுவார்கள். இதைக் கண்டுபிடித்த மூளைகளை நினைத்தால் காறித் துப்பத் தோன்றுகிறது.

தாத்தா கோட்டுக்குக் கீழே போய்விட்டார். மானியம் முழுக்க நின்று, ஜனவரிக்கு முழு விலையும் கட்டச் சொல்லிக் கடிதம் வந்திருக்கிறது. அவருக்கு ஈமெயில் கிடையாது. அப்படி இல்லாதவர்களுக்கு என் ஹூஸ்டன் ஆபிஸ் முகவரியைப் போடச் சொன்னவள் நான். அனுப்பிய மூன்று கடிதங்களின் தேதியும் அந்தப் பக்கத்திலேயே இருந்தது, மூன்றும் என் பெட்டியில் திறக்காமல் கிடந்தன. மூன்றாவது கடிதம், காப்புறுதி ரத்தானது என்ற செய்தி, வந்த அன்று நான் தம்பி மனைவிக்குச் சேலை எடுக்கக் கடை கடையாக ஏறிக்கொண்டிருந்தேன்.

5

தாத்தாவோடு பேசியது தர்ஷினி. ஹந்தானைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து பஸ் ஏறி வருகிறவள், இரண்டு பிள்ளைகளின் தாய். வேலைக்கு வந்து கைப்பையைக்கூட இறக்கவில்லை, நான் பாய்ந்தேன்.

"யாரைக் கேட்டு வருமானத்தைப் பாதியாக்குனீங்க?"

அவள் சுவரைப் பார்த்தாள். "தாள்ல அப்படித்தானே மிஸ் இருக்கு?"

"அந்த அம்மா எவ்வளவுன்னு சொன்னாங்க?"

"உள்ளபடிதான் சொன்னாங்க. நான்தான், அவ்வளவெல்லாம் சொல்லாதீங்கம்மா, குடுக்கிறதக் கொறச்சிருவாங்கன்னு சொன்னேன். நோயாளி மனுசி, தனியா வேற இருக்காங்க. கூடக் கெடைக்கட்டுமேன்னு போட்டேன் மிஸ்."

நான் ஏசிக்கொண்டே போனேன். அவள் அழவில்லை. கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுச் சொன்னாள்:

"எங்க வீட்டுக்கு நிவாரணத்துக்கு எழுத வந்தப்போ நான் எஞ் சம்பளத்த உள்ளபடி சொன்னேன். பேர வெட்டிட்டாங்க. பக்கத்து வீட்டுல மூனு பேரு வேலைக்குப் போறாங்க. ஒருத்தர்னு சொன்னாங்க, அவங்களுக்கு மாசாமாசம் வருது. எம் மாமியார் இன்னிக்கி வரைக்கும் ஏசுறாங்க. அந்த அம்மாவுக்கும் அப்படி ஆகிறக் கூடாதுன்னு நெனச்சேன். கோடு இருக்குன்னு யாரு மிஸ் சொன்னாங்க?"

யாரும் சொல்லவில்லை. தாளில் பன்னிரண்டு வரி எழுதிய எனக்குப் பதின்மூன்றாவது வரி தோன்றவில்லை. எனக்குத் தெரியாத விஷயமா? கனவில் கேட்டாலும் சொல்வேன். ஆனால் அன்று என் கண்ணில் இருந்தவர்கள் விலை ஏறியதால் ஓடப் பார்த்த கஸ்டமர்கள். கோட்டுக்குப் பக்கத்தில் நின்ற சபியா தாத்தா அன்று என் கண்ணில் இல்லவே இல்லை.

ரவி வந்தான். விஷயத்தைக் கேட்டதும் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "கஸ்டமர் தப்பாச் சொல்லிட்டாங்கன்னு போட்டுருவோம். முடிஞ்சிச்சு."

"முடியாது ரவி. சேர்க்கிற காலம் தாண்டிருச்சு. கஸ்டமர் பிழைன்னா அடுத்த வருசம்தான் கதவைத் திறப்பாங்க. முகவருடைய பிழைன்னு முகவரே ஒத்துக்கிட்டாத்தான் இப்பத் திறப்பாங்க."

"அப்படி ஒத்துக்கிட்டா?"

"எங்கிருந்து செஞ்சீங்கன்னு கேப்பாங்க."

அவனுக்கு விளங்கிவிட்டது. என் அனுமதிப்பத்திரம் போகும். அதோடு இந்த அறையும் போகும். "அக்கா, ஆறு குடும்பம் இதுல சாப்பிடுது. ஒரு ஆளுக்காகவா? அமெரிக்காவுல ஆஸ்பத்திரிக்கா பஞ்சம்? அவங்க எங்கயாச்சும் பாத்துக்குவாங்க."

அவன் பேசிய வாயைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை. கீழே ஹாலில் அவன் மாமியார் உட்கார்ந்திருந்தார். அவருக்கும் அதே நோய். விடியுமுன் எழும்பி, அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போய், வரிசையில் நம்பர் எடுத்து, ஊசி போட்டுக்கொண்டு வருகிறவர். சில நாள் மருந்து இருக்காது, வெளியே வாங்கிவரச் சொல்வார்கள், திட்டிக்கொண்டே வாங்குவார். ஆனால் உன் வருமானம் எவ்வளவு என்று அந்த வரிசையில் அவரை யாரும் கேட்டதில்லை. அவர் மருமகன்தான் மாடியில் நின்றுகொண்டு, இன்னொருத்தி எங்கேயாவது பார்த்துக்கொள்ளட்டும் என்கிறான்.

அவனைத் திட்ட வாயெடுத்தேன். திட்டினால் என்ன சொல்வேன்? இந்தத் தொழிலை அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தானே.

6

மறுநாள் காலை தாத்தாவை நானே கூப்பிட்டேன். நடந்ததை மறைக்காமல் சொன்னேன். தாள், தர்ஷினி, குண்டசாலை, திறக்காத கடிதங்கள், எல்லாவற்றையும். ஏசுவார் என்று காத்திருந்தேன். ஏசினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது.

"அந்தப் புள்ளைக்கு ஏச வாணாம் தங்கச்சி. எனக்கு எரக்கப்பட்டுத்தானே செஞ்சா?" என்றார்.

"ஏசிட்டேன் தாத்தா."

"சரி, இனி ஏச வாணாம். ஒண்டு செய்ங்க. நான்தான் பிழயாச் சென்ன எண்டு எழுதுங்க. வயசு போன பொம்புள, வெளங்காமச் செல்லிட்டா எண்டு எழுதுங்க. ஒங்கட தொழிலுக்கு ஒண்டும் வந்திரப் படாது. ஊசிக்கு அல்லாஹ் ஒரு வழி காட்டுவான்."

இதை எழுதக் கை கூசுகிறது. ஆனால் இதை எழுதாவிட்டால் மற்றதெல்லாம் எழுதி என்ன பிரயோசனம்?

எனக்கு நிம்மதியாக இருந்தது.

ஒரு நிமிடம் இருக்கும். தோளில் இருந்து மூட்டையை இறக்கி வைத்த மாதிரி உடம்பு லேசானது. சரி தாத்தா என்று சொல்ல நாக்கு மேலண்ணத்தைத் தொட்டுவிட்டது. ரவியின் பேச்சைக் கேட்டு முகம் சுளித்த அதே நான்தான். அரசாங்கத்தைத் துப்பினேன், கம்பெனிகளைத் துப்பினேன், மற்ற முகவர்களை ஈசல் என்றேன். அந்த ஒரு நிமிடத்தில் எனக்குள்ளே இருந்ததைப் பார்த்தபோது வந்த அருவருப்பு, அவர்கள் யார்மீதும் எனக்கு வந்ததில்லை.

"இல்ல தாத்தா. அப்படி எழுத மாட்டேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன். அவர் மறுபடி கெஞ்சினால் எங்கே ஒத்துக்கொண்டு விடுவேனோ என்ற பயத்தில்தான் அவ்வளவு அவசரமாக வைத்தேன்.

அரசாங்கச் சந்தையின் உதவி எண்ணுக்கு அழைத்தேன். ஒன்றரை மணித்தியாலம் ஒரே மெட்டைத் திரும்பத் திரும்பப் போட்டார்கள். தர்ஷினியும் மற்ற ஐந்து பேரும் வேலை தொடங்காமல் கதிரைகளில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் ஒரு பெண் லைனில் வந்தாள். தவறு யாருடையது என்று கேட்டாள். என்னுடையது என்றேன். அனுமதிப்பத்திர இலக்கத்தைக் கேட்டாள், சொன்னேன். படிவம் எந்த இடத்திலிருந்து நிரப்பப்பட்டது என்று கேட்டாள்.

"கண்டி. ஸ்ரீலங்கா" என்றேன்.

ரவி படியிறங்கிப் போகிற சத்தம் கேட்டது. நான் ஹூஸ்டனுக்குத் திரும்பிய நாளில் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு அவன் வரவில்லை, வேன் பிடித்துத்தான் போனேன். கிளம்பும் முன் தர்ஷினியின் கையில் இரண்டு மாதச் சம்பளத்தைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, "அந்த அம்மாவுக்கு ஊசி போட்டாங்களா மிஸ்?" என்று மட்டும் கேட்டாள். தெரியாது என்றேன். தாளைச் சுவரிலிருந்து கழற்றச் சொல்லி யாரிடமும் நான் சொல்லவில்லை, கழற்றினார்களா என்றும் தெரியாது.

7

இதை ஹூஸ்டனில் இருந்து எழுதுகிறேன். எனக்கு வரவேண்டிய கடிதம் வந்துவிட்டது. விசாரணை முடியும்வரை நான் யாரையும் சேர்க்கக் கூடாது. முடிந்த பிறகும் சேர்க்க முடியாது என்பது அதைப் படித்தாலே விளங்குகிறது. அரவிந்துக்கு எல்லாவற்றையும் சொன்னேன். "ஓகே அம்மா" என்றான். அன்று தட்டோடு அறைக்குள் போகாமல் என் எதிரிலேயே இருந்து சாப்பிட்டான். என்ன நினைத்தான் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

தாத்தாவுக்குக் கதவைத் திறந்தார்கள். இடையில் இரண்டு ஊசி தவறிவிட்டது. அந்த இரண்டு ஊசி அவர் உடம்பில் என்ன செய்திருக்கும் என்று டாக்டராலும் இப்போது சொல்ல முடியாதாம். அடுத்த ஸ்கேன் வரை பொறுத்திருக்க வேண்டும்.

நேற்று அவரிடமிருந்து ஒரு குரல் செய்தி வந்தது. ரோல்ஸ் பொரிகிற சத்தம் பின்னால் கேட்கிறது.

"தங்கச்சி, அல்ஹம்துலில்லாஹ், புதுக் கடுதாசி வந்திரிச்சு. இண்டைக்கு ஊசியும் போட்டாச்சு. ஆனா கடுதாசில ஒரு பிழ ஈக்குது பாருங்க. ஏஜென்ட் எண்ட எடத்துல பேர் ஒண்டும் இல்ல, வெறுமயா வுட்டீக்காங்க. ஒங்கட பேரப் போட மறந்துட்டாங்க போல. யாருக்கிட்டச் செல்லித் திருத்துற எண்டு கேட்டுச் செல்லுங்க. அவ்வளவு செஞ்ச ஒங்கட பேர் இல்லாம எப்பிடி?"

மூன்று தடவை கேட்டுவிட்டேன். இன்னும் பதில் அனுப்பவில்லை.